ஒரே நாளில் எதுவும் உடைவதில்லை!

‘ஏன், எப்படி?’ - வாராந்திர அறிவியல் பகுதி

ஷாம்பூ பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்த இடத்தில் பிடித்து இழுத்தால் பாக்கெட் சட்டென்று கிழிந்துவிடும். வெட்டு இல்லாத பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். ஈரக்கையோடு மல்லுக்கட்டி, கடைசியில் பல்லால் கடிக்க வேண்டிவரும்.

ஜவுளிக்கடையிலும் இதே கதைதான். துணியை அளந்ததும் ஓரத்தில் கத்தரியால் ஒரே ஒரு வெட்டு. அப்புறம் இரண்டு கைகளாலும் பிடித்து ‘சர்ர்ர்’ என்று ஓர் இழுப்பு. நேர்கோட்டில் கிழிந்து வந்துவிடும். அந்த முதல் வெட்டு இல்லாமல் எத்தனை பலசாலி இழுத்தாலும் புதுத்துணி அவ்வளவு சுலபமாகக் கிழியாது.

வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அந்தச் சின்ன வெட்டுதான். நம் கை இழுப்பது பெயருக்குத்தான். 1954-ல் பயணிகள் விமானங்கள் நடுவானில் பிளந்ததற்கும், கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிதறியதற்கும் பின்னால் இருப்பது இதே விஷயம்தான். உலோகமும் பாறையும் எப்படி வளைகின்றன, எப்படிச் சேதமாகின்றன, எப்படி முறிகின்றன என்று ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வளைவது வேறு, உடைவது வேறு

முதலில் ஒரு சின்ன பரிசோதனை. வீட்டில் கட்டுக்கம்பி இருந்தால் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். லேசாக வளைத்து விடுங்கள். பழைய நிலைக்கே திரும்பிவிடும். இன்னும் கொஞ்சம் அழுத்தி வளைத்தால், வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். எவர்சில்வர் குடம் கீழே விழுந்து ஒடுக்கு விழுகிறதே, அது இந்த இரண்டாவது வகை. முதல் வகையில் அணுக்கள் கொஞ்சம் விலகிக்கொடுத்துவிட்டு, விசை போனதும் பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. இரண்டாவது வகையில் அணு வரிசைகள் வழுக்கி இடம்மாறிவிடுகின்றன.

இந்த வழுக்கல் எப்படி நடக்கிறது என்பது விஞ்ஞானிகளை ரொம்ப நாள் குழப்பியது. ஒரு முழு அணு அடுக்கை இன்னோர் அடுக்கின்மேல் ஒரேயடியாக நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டால் மிகப் பெரிய எண் வந்தது. நிஜ உலோகமோ அதில் மிகச் சிறிய பங்கு விசைக்கே வளைந்து கொடுத்தது. 1934-ல் டெய்லர், ஓரோவன், போலானி என்ற மூவர் தனித்தனியாக இதற்கு ஒரே விடையைச் சொன்னார்கள்.

அந்த விடையைப் புரிந்துகொள்ள ஒரு ஜமக்காளம் போதும். விரித்துக் கிடக்கும் பெரிய ஜமக்காளத்தை அப்படியே இழுத்து நகர்த்துவது கஷ்டம். ஓர் ஓரத்தில் சின்ன மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பை மறுமுனை வரை தள்ளிக்கொண்டே போனால், மொத்த ஜமக்காளமும் சுலபமாக நகர்ந்துவிடும். உலோகத்துக்குள்ளும் அணு வரிசையில் இப்படிப்பட்ட ‘மடிப்புகள்’ இருக்கின்றன. அவை நகரும்போதுதான் உலோகம் வளைகிறது.

இப்போது அந்தக் கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் பத்துப் பதினைந்து முறை வளையுங்கள். வளையும் இடம் சூடாகும். முதலில் இருந்ததைவிடக் கொஞ்சம் விறைப்பாகும். உள்ளே இருக்கிற மடிப்புகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர முடியாமல் போவதால் வரும் விறைப்பு இது. செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் நடுநடுவே பாத்திரத்தைத் தீயில் காட்டுவது இந்த விறைப்பைப் போக்கத்தான். நாம் தீயில் காட்டவில்லை. அதனால் இன்னும் சில முறை வளைத்ததும் கம்பி பட்டென்று இரண்டாகிவிடும்.

கவனியுங்கள்: அதை உடைக்க நீங்கள் கூடுதல் பலம் எதையும் போடவில்லை. முதல் முறை எவ்வளவு விசை கொடுத்தீர்களோ, கடைசி முறையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதல் முறை தாங்கியது, கடைசி முறை ஏன் தாங்கவில்லை?

இந்தக் கேள்வியை உலகம் தீவிரமாகக் கேட்கத் தொடங்கியது ஒரு ரயில் விபத்துக்குப் பிறகு.

1842: அச்சு முறிந்த ரயில்

1842 மே 8, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் அரசரின் விழாவைப் பார்த்துவிட்டு, மக்கள் கூட்டம் கூட்டமாக ரயிலில் பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் முன் இன்ஜினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இன்ஜின் நெருப்பு பெட்டிகளுக்குப் பரவியது. அந்தக் கால வழக்கப்படி பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்டார்க்டிகா வரை கப்பலில் போய்த் திரும்பிய புகழ்பெற்ற கடலோடி டுமோன் டுர்வில், மனைவி மகனோடு அதில் பலியானார். பனிக்கடலில் தப்பித்தவர், தலைநகருக்குப் பக்கத்தில் ரயிலில் இறந்துபோனார்.

எல்லோரையும் குழப்பியது அந்த அச்சுதான். அது நல்ல இரும்பு. அதற்கு முன்பு எத்தனையோ பயணங்களில் அதே பாரத்தைத் தாங்கியது. முறிந்த முகத்தைப் பார்த்தால் படிகம்போலப் பளபளத்தது. “ஆடி ஆடி இரும்பே வேறு பொருளாக, படிகமாக மாறிவிட்டது” என்று அக்காலப் பொறியாளர்கள் பலர் நம்பினார்கள்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரேங்கின் என்ற இளைஞர் அதை மறுத்தார். அடுத்த ஆண்டு, 1843-ல், முறிந்த அச்சுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், தடிமன் திடீரென்று மாறும் கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்குகிறது, அங்கிருந்து மெல்ல உள்ளே பரவுகிறது என்றார். அப்போது அவருக்கு வயது 22 அல்லது 23 இருக்கும். அவர் சொன்னதுதான் சரி.

ஜெர்மன் ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர் அடுத்த வேலையைச் செய்தார். அச்சு ஒருமுறை சுழலும்போது அதன் மேற்பக்கம் கீழே வரும், கீழ்ப்பக்கம் மேலே போகும். ஒரு சுற்றில் ஒரே இடம் ஒருமுறை இழுபடும், ஒருமுறை நசுங்கும். நாம் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தோமே, அதேதான். ரயில் ஓட ஓட அச்சு லட்சக்கணக்கான முறை அப்படி வளைகிறது. வோலர் இதற்கென்றே இயந்திரங்கள் செய்து, பல ஆண்டுகள் பொறுமையாக அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி, எத்தனையாவது சுற்றில் முறிகிறது என்று குறித்துவைத்தார். 1870-ல் தன் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்.

பாரம் அதிகமானால் குறைந்த சுற்றிலேயே முறிகிறது. பாரத்தைக் குறைத்தால் நிறைய சுற்று தாங்குகிறது. எஃகைப் பொறுத்தவரை, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பாரத்தை வைத்தால் எத்தனை லட்சம் சுற்றினாலும் முறிவதே இல்லை. இன்றைக்கும் கார், ரயில், மின்விசிறி என்று சுழலும் எதை வடிவமைத்தாலும் வோலரின் வரைபடம் வேண்டும். இந்தச் சேதத்துக்குப் பெயர் ‘உலோகச் சோர்வு’. மனிதர்களுக்கு ஓய்வெடுத்தால் சோர்வு போய்விடும். உலோகத்துக்குப் போகாது. நேற்றுவரை வளர்ந்த விரிசல் இன்றைக்கும் அங்கேயே இருக்கும்.

இன்னொன்று: அலுமினியத்துக்கு எஃகுபோல அப்படியொரு தெளிவான பாதுகாப்பு எல்லை இல்லை. சின்னப் பாரமாக இருந்தாலும் போதுமான முறை திரும்பத் திரும்ப வந்தால் அது ஒருநாள் முறியலாம். விமானங்களின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலையில் கூடும் விசை

ஷாம்பூ பாக்கெட்டுக்குத் திரும்புவோம். சின்ன வெட்டுக்கு எப்படி அவ்வளவு சக்தி?

ஆற்றில் நீர் ஓடும்போது நடுவில் ஒரு பாறை இருந்தால் என்ன ஆகும்? நீர் இரண்டு பக்கமும் ஒதுங்கி, பாறையின் ஓரத்தில் வேகமெடுத்துப் போகும். ஒரு தகட்டை இழுக்கும்போதும் விசை அப்படித்தான் அதற்குள் ‘ஓடுகிறது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் ஓட்டை இருந்தால் விசை அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஓட்டையின் ஓரத்தில் நெரிசல். வட்டமான ஓட்டை என்றால் ஓரத்தில் விசை மூன்று மடங்கு. ஓட்டை ஒடுங்கி, முனை கூர்மையாக ஆக ஆக, நெரிசல் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று கூடிக்கொண்டே போகும். 1913-ல் இங்கிலீஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். விரிசல் என்பது மிக மிகக் கூர்மையான ஓட்டை. அதன் நுனியில் இருக்கும் அணுக்கள்தான் மொத்த இழுப்பையும் வாங்கிக்கொள்கின்றன.

1921-ல் கிரிஃபித் என்ற இன்னோர் இளம் பொறியாளர் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அணுக்களின் பிணைப்பை வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணாடி பயங்கர வலிமையானதாக இருக்க வேண்டும். ஆனால் கைதவறினால் உடைந்துவிடுகிறது. காரணம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் என்றார் அவர். கண்ணாடியை முடிபோல மெல்லிய இழையாக இழுத்துச் சோதித்தார். மெல்லியதாக ஆக ஆக, அதன் பருமனுக்கு அது அதிக வலிமை காட்டியது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லையே!

ஒரு பொருள் எவ்வளவு பலமானது என்பதோடு, அதில் இருக்கும் மிகப் பெரிய கீறல் எவ்வளவு பெரியது என்பதையும் கேட்க வேண்டும் என்று சொன்னவர் கிரிஃபித். அவர் வேலை பார்த்தது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில். 33 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஃபார்ன்பரோவுக்கு ஒரு பெரிய புதிர் வந்து சேர்ந்தது.

1954: தொட்டிக்குள் ஒரு விமானம்

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரிட்டனின் காமெட். 1952 மே மாதம் சேவைக்கு வந்தது. மேகங்களுக்கு மேலே, அதுவரை எந்தப் பயணிகள் விமானமும் பறக்காத வேகத்தில் பறந்தது.

1954 ஜனவரி 10-ல் ஒரு காமெட், ரோமிலிருந்து கிளம்பிச் சற்று நேரத்தில் எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். சேவையை நிறுத்தினார்கள், சில மாற்றங்களைச் செய்தார்கள், மீண்டும் பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8-ல் இன்னொரு காமெட், நேப்பிள்ஸ் அருகே விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். காமெட் விமானங்கள் அத்தனையும் தரையிறக்கப்பட்டன.

விமானம் உயரே போகும்போது வெளியே காற்று மெல்லியதாகிவிடும். உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட வேண்டும் என்பதால் உள்ளே காற்றழுத்தத்தை வைத்திருப்பார்கள். விமான உடல் பலூன்போல மிக லேசாக உப்பும். இறங்கும்போது மீண்டும் தளரும். ஒரு பயணத்துக்கு ஓர் உப்பல், ஒரு தளர்வு. கட்டுக்கம்பி ஞாபகம் வருகிறதா?

ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட் விமானத்தின் உடலைப் பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, பயணங்களைப்போலவே நடித்துக் காட்டினார்கள். காற்றுக்குப் பதில் ஏன் தண்ணீர்? காற்றை அமுக்கினால் அது வெடிகுண்டுபோலச் சக்தியைச் சேர்த்துவைக்கும். உடல் பிளந்தால் எல்லாம் சிதறிப்போகும், தடயம் கிடைக்காது. தண்ணீர் அவ்வளவாக அமுங்காது. அதனால் பிளந்த இடத்தோடு நின்றுவிடும்.

ஏற்கெனவே பறந்திருந்த பயணங்களையும் சேர்த்து, சுமார் 3,060-வது முறையில் அந்த உடல் ஒரு திறப்பின் மூலையிலிருந்து பிளந்தது. விபத்தில் சிக்கிய இரண்டு விமானங்களில் ஒன்று சுமார் 1,300 முறையும் மற்றொன்று சுமார் 900 முறையும்தான் பறந்திருந்தன. வடிவமைத்தவர்கள் நம்பிய எண்ணிக்கை இதைவிட மிக அதிகம்.

‘காமெட்டின் சதுர ஜன்னல்தான் விபத்துக்குக் காரணம்’ என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். அது பாதி உண்மை. கடலடியிலிருந்து எடுத்த பாகங்களில் விரிசலின் தொடக்கம் கிடைத்த இடம், பயணிகள் ஜன்னல் அல்ல. விமானத்தின் கூரையில், வானொலி ஆன்டெனாவுக்காக வெட்டியிருந்த ஜன்னல் போன்ற திறப்பின் மூலையருகே, ஒரு சிறிய துளையின் ஓரம். எந்தத் திறப்பாக இருந்தாலும் பாடம் ஒன்றுதான்: மூலையில் விசை கூடும், துளையின் ஓரத்தில் இன்னும் கூடும். அடுத்தமுறை விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் ஜன்னலின் வளைவான மூலைகளைப் பாருங்கள். அவை வெறும் அழகுக்காக இல்லை.

கல்லின் குணம் வேறு

உலோகமாவது உடைவதற்கு முன்பு கொஞ்சம் வளைந்து, நெளிந்து காட்டும். பாறை அப்படியில்லை. சாதாரண வெப்பநிலையில் அதற்கு வளையத் தெரியாது. நசுக்கினால் மலைபோலத் தாங்கும்; இழுத்தால் சட்டென்று பிளந்துவிடும். கருங்கல்லின் இழுப்பைத் தாங்கும் திறன், நசுக்கலைத் தாங்கும் திறனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். பாறைக்குள் ஏற்கெனவே ஏராளமான நுண்விரிசல்கள் இருக்கின்றன. நசுக்கும்போது அவற்றில் பல மூடிக்கொள்கின்றன. இழுக்கும்போது திறந்துகொள்கின்றன.

கிரிஃபித் கணக்குப் போடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் கல்தச்சர்களின் கைக்கு இது தெரிந்திருந்தது. மாமல்லபுரம் போனால் சில பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகளைப் பார்க்கலாம். பாறையைப் பிளக்க ஆப்பு இறக்குவதற்காக உளியால் வெட்டிய குழிகள் அவை. ஒவ்வொரு குழியும் ஷாம்பூ பாக்கெட்டின் வெட்டு மாதிரி. ஆப்புகள் இறுகும்போது பாறை இரு பக்கமும் இழுபட்டு, குழிகளின் வரிசையிலேயே நேராகப் பிளக்கும். இன்றைக்கும் கல் குவாரிகளில் இதே உத்தியைப் பார்க்கலாம்.

கோயில் மண்டபங்களில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு கல் உத்தரத்தை இரண்டு தூண்களின்மேல் வைத்தால், பாரத்தால் அது மிக மிக லேசாகத் தொய்யும். அப்போது மேற்பக்கம் நசுங்கும். அது கல்லுக்குப் பிரச்னையே இல்லை. கீழ்ப்பக்கம் இழுபடும், அதுதான் கல்லுக்கு ஆகாது. தூண்களின் இடைவெளி கூடினால் உத்தரம் அடியிலிருந்து விரிசல் விடும். தூண்களை நெருக்கமாக நிறுத்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தூணின் தலையில் கைநீட்டியதுபோல இருக்கும் போதிகையும் அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் உதவுகிறது.

கோலாரில் வெடித்த பாறை

தரைக்கு மேலே கல்லை நாம் கையாளலாம். தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் போனால்?

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அதன் சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. அங்கே இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தருமபுரி பக்கமிருந்து போன தமிழ்க் குடும்பங்கள். இந்த வரிகளைப் படிக்கிறவர்களில் சிலருடைய தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ அந்தச் சுரங்கத்தில் இறங்கியவராக இருக்கலாம்.

அந்த ஆழத்தில், மேலே இருக்கும் பாறையின் எடை மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 800 கிலோ. கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு சின்ன காரை நிறுத்தியதுபோல. நடுவில் தங்கம் இருக்கும் பாறையைத் தோண்டி எடுத்தால், அது தாங்கிக்கொண்டிருந்த பாரம் சுற்றியிருக்கும் பாறைக்குப் போய்விடும். ஓட்டையின் ஓரத்தில் விசை நெரிசல் என்று பார்த்தோமே, அதே கணக்குதான். ஆனால் இங்கே ஓட்டை என்பது மனிதர்கள் நின்று வேலை செய்யும் இடம்.

தாங்க முடியாத நிலை வரும்போது பாறை மெல்லச் சரிவதில்லை. அமுக்கிவைத்த ஸ்பிரிங் விடுபட்டதுபோல வெடித்துச் சிதறும். இதற்குப் பெயர் ‘பாறை வெடிப்பு’. வெடிமருந்தே இல்லாத வெடிப்பு. கோலாரில் இது பலரைப் பலிகொண்டது. பெரிய வெடிப்புகளின்போது மேலே ஊரில் வீடுகள் அதிர்ந்ததும் உண்டு.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: பாறை விழுவதற்கு முன்பு பெரும்பாலும் ‘பேசும்’. படபடவென்று, சுள்ளி முறிவதுபோல. அது கற்பனை அல்ல. ஒவ்வொரு நுண்விரிசல் வளரும்போதும் ஒரு சின்ன ஒலி கிளம்புகிறது. பெரும்பாலானவை நம் காதுக்கு எட்டாது, கருவிக்கு எட்டும். பல இடங்களில் உணர்கருவிகளைப் பதித்து, ஒரே ஒலி எந்தக் கருவிக்கு முதலில் வந்தது, எதற்குத் தாமதமாக வந்தது என்று பார்த்தால், விரிசல் எங்கே வளர்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கோலாரிலும் 1970-களின் பிற்பகுதியில் இப்படிக் கருவிகள் வந்தன. 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அந்தத் தங்கவயலில்தான். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அணை, சுரங்கப்பாதை என்று பாறையைக் குடையும் வேலைகளுக்கு அங்கே பெற்ற அனுபவம் இன்றும் கைகொடுக்கிறது.

இதை வைத்து நிலநடுக்கத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். ஆய்வகத்தில் ஒரு கல்லை நசுக்கினால், உடைவதற்கு முன்பு அதன் ஒலிகள் கூடுவதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் பல கிலோமீட்டர் நீளமுள்ள பிளவில், எந்த நாளில் எந்த நேரத்தில் என்று சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. நாளைக்கு நிலநடுக்கம் என்று நாள் குறித்து வரும் ஃபார்வர்டு மெசேஜ்களை நம்பாமல் இருக்க இந்த ஒரு காரணம் போதும்.

தட்டிப் பார்க்கும் பழக்கம்

மண்பானை வாங்கும்போது பாட்டிகள் என்ன செய்வார்கள்? விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்றால் நல்ல பானை. ‘சத்’தென்று மொட்டையாக ஒலித்தால் எங்கோ கீறல். சிற்பத்துக்குக் கல் தேர்ந்தெடுக்கும் ஸ்தபதிகளும் தட்டித்தான் கேட்பார்கள். ஒருகாலத்தில் ரயில் நிலையங்களில் ஊழியர்கள் நீளமான சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார்கள். அதுவும் இதே சோதனைதான்.

இன்று அந்த இடத்தில் மீயொலிக் கருவிகள் இருக்கின்றன. வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் போலவே, தண்டவாளத்துக்குள் ஒலியை அனுப்பி, எங்கே எதிரொலிக்கிறது என்று பார்ப்பார்கள். அதோடு, தினமும் தண்டவாளம் ஓரமாகக் கருவிப் பையோடு நடந்துபோகும் கீமேன்களின் கண்ணும் இருக்கிறது. குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கி இழுபடும். விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். பனி விலகாத காலையில் அவர்கள் நடப்பதால்தான் நாம் பெர்த்தில் நிம்மதியாகத் தூங்க முடிகிறது.

விரிசல் வளர்வதில் ஒரு விஷயம் நமக்குச் சாதகம். அது தன் ஆயுளில் பெரும்பகுதியை மிக மெதுவாக வளர்வதிலேயே கழிக்கிறது. கடைசிக் கட்டத்தில்தான் வேகமெடுக்கும். அதனால் அடுத்தடுத்த சோதனைகளுக்கு இடையே அது ஆபத்தான அளவை எட்டிவிடாதபடி இடைவெளியைக் கணக்கிட முடியும். இன்றைக்கு விமானம் பாதுகாப்பாக இருப்பது அதில் விரிசலே வராது என்பதால் அல்ல. வந்தால் நேரத்தோடு கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால்.

கண்டுபிடித்தால்தான் அந்தக் கணக்கு பலிக்கும். கண்டுபிடிக்காத ஒரு நாளின் கதை இது.

பார்த்தவர் சொல்லவில்லை

1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹீலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு அலோஹா ஏர்லைன்ஸின் 243-வது விமானம் கிளம்பியது. போயிங் 737. வயது 19. பயணிகளும் ஊழியர்களுமாக 95 பேர். தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணங்கள் என்பதால் அந்த விமானம் அதுவரை 89,680 முறை பறந்திருந்தது. அத்தனை முறை உப்பல், அத்தனை முறை தளர்வு. போதாததற்குக் கடலின் உப்புக்காற்று.

24,000 அடி உயரத்தில், முன்பகுதியின் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. நின்றபடி வேலையில் இருந்த விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. பயணிகள் திறந்த வானத்தின் கீழ் இருக்கையோடு கட்டப்பட்டிருந்தார்கள். விமானிகள் 13 நிமிடங்களில் மாவி தீவில் விமானத்தை இறக்கினார்கள். மற்ற 94 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது: தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், துரு ஏறி, பாரம் முழுவதும் ரிவெட்டுகளின்மேல் விழுந்திருந்தது. வரிசையாக ஒவ்வொரு ரிவெட் துளையின் ஓரத்திலும் ஒரு சின்ன விரிசல். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதல்ல. ஒருநாள் அவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. பராமரிப்பில் அதைக் கண்டுபிடிக்கத் தவறியதுதான் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது.

அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. விமானத்தில் ஏறும்போது ஒரு பெண் பயணி, உடற்பகுதியில் நீளவாக்கில் ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை.

அவரைக் குறைசொல்ல நமக்கு என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நாம் இருந்தால் சொல்லியிருப்போமா? ‘இவ்வளவு பெரிய கம்பெனி, அவர்களுக்குத் தெரியாததா’, ‘சொன்னால் சிரிப்பார்களோ’, ‘நமக்கேன் வம்பு’ என்று எத்தனை முறை வாயை மூடியிருக்கிறோம்! ஆடும் பாலக் கைப்பிடி, பள்ளி விளையாட்டு மைதானத்தில் சறுக்குமரத்தின் விட்டுப்போன வெல்டிங், அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் புதிதாகக் கேட்கும் சத்தம்... எல்லோரும் பார்த்திருப்போம். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருப்போம்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

ஆய்வகமும் கருவியும் இல்லாமல் நாமே செய்யக்கூடிய சில விஷயங்கள்:

* திரும்பத் திரும்ப ஆடும், சுழலும் பொருள்களுக்குத்தான் உலோகச் சோர்வு அதிகம். ஊஞ்சல் கொக்கி, சீலிங் ஃபேன் தொங்கும் கொக்கி, அதன் போல்ட், பின், குழந்தைகளின் தொட்டில் ஸ்பிரிங் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது இறக்கிப் பாருங்கள். தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

* விரிசலைத் தேட வேண்டிய இடங்கள்: மூலை, துளையின் ஓரம், வெல்டிங் பக்கம், தடிமன் மாறும் இடம். துரு கோடுபோல ஓடினால் அதன் அடியில் விரிசல் இருக்கலாம்.

* ஒருமுறை நன்றாக வளைந்து, தட்டி நேராக்கிய பாகத்தைப் புதுசுபோல நம்பாதீர்கள். விபத்தில் வளைந்த பைக் ஹேண்டில்பார், ஃபோர்க் போன்றவை பார்க்க நேராக இருந்தாலும் உள்ளே சேதம் இருக்கும். அங்கே செலவைப் பார்க்காமல் மாற்றுவதே நல்லது.

* பைக் மட்கார்டிலோ பிளாஸ்டிக் ஷீட்டிலோ விரிசல் விட்டால், சில மெக்கானிக்குகள் விரிசலின் நுனியில் சின்ன வட்டத் துளை போடுவார்கள். ‘ஓட்டையை அடைக்கச் சொன்னால் இன்னொரு ஓட்டை போடுகிறாரே’ என்று திட்டாதீர்கள். கூர்மையான நுனி வட்டமாகிவிட்டால் நெரிசல் குறையும், விரிசல் ஓடுவது தாமதமாகும். ஆனால், பாரம் தாங்கும் பாகங்களில் இந்த வைத்தியம் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

* புதிய சத்தம், புதிய ஆட்டம், புதிய கோடு: இந்த மூன்றில் எது வந்தாலும் ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது’ என்று விட்டுவிடாதீர்கள். முறிந்துபோன ஒவ்வொரு அச்சும் முந்தின நாள் வரை நன்றாகத்தான் ஓடியது.

பொது இடத்தில் பார்த்தால் ஒரு போட்டோ எடுத்து, பொறுப்பில் இருப்பவரிடம் காட்டுங்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் சந்தோஷம். நமக்குப் போவது இரண்டு நிமிடம்தான்.

அடுத்த வாரம் வேறொரு ‘ஏன், எப்படி?’யோடு சந்திப்போம்.